விசாலாட்சி டீச்சரின் மங்கல வழக்கு

கொடைக்கானலில் நாங்கள் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் விசாலாட்சி தமிழ் டீச்சர், நான் தையல் டீச்சர். என் பெயர் சர்புன்னிசா. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த பஷீர் அகமதுவின் மகள் என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். அவளும் நானும் ஒரே வயது, ஒரே வருஷம், 1953-இல், வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பதினைந்து வருஷம் சண்டை போட்டோம்.

முதல் சண்டை நூலுக்காக வந்தது. "வெள்ளை நூல் தீந்துபோச்சு, வாங்கணும்" என்றேன். அவ்வளவுதான், வேலும் கையுமாக வந்துவிட்டாள்.

"தீந்துபோச்சுன்னு சொல்லாத சர்பு. நெறைஞ்சிருச்சுன்னு சொல்லு."

"நெறைஞ்சிருந்தா எதுக்குடி வாங்கணும்?"

"எங்க வீட்டுல அப்படித்தான் சொல்வோம். அரிசி இல்லன்னு சொல்ல மாட்டோம், வெளக்க அணைன்னு சொல்ல மாட்டோம். போறேன்னு சொல்லிட்டு வாசப்படி தாண்ட மாட்டோம்."

"உங்க வீட்டுல வாயத் தொறக்கவே பயந்து கெடப்பீங்க போல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று பிறகு தெரிந்தபோது என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

பழனி அடிவாரத்தில் அவர்கள் வீடு. மலைக்கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் முறை அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அவளைப் பத்தொன்பது வயதில் திண்டுக்கல்லில் கட்டிக் கொடுத்தார்கள், இருபதில் தாலியில்லாமல் திரும்பி வந்தாள். பூக்கட்டுகிற வீட்டில் அவள் கை பூவில் படக்கூடாது என்று ஆயிற்று. கிருத்திகைக்கும் உத்திரத்துக்கும் கூட்டம் வரும்போது பின்கட்டு அறையில் போய் உட்காரச் சொல்வார்கள். பெற்ற தாயே "அமங்கலி எதுக்க வராத" என்று சொன்னாளாம். அந்த ஒரு சொல் அவளை எப்படிச் சுட்டிருக்கும் பாருங்கள்! அங்கே இருக்கப் பிடிக்காமல்தான் டிரெயினிங் படித்துவிட்டு மலையேறி எங்கள் ஊருக்கு வந்தாள். தன் வாயிலிருந்தும் தன் பேனாவிலிருந்தும் ஒரு கெட்ட சொல் வரக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். எனக்கு அது கிறுக்காகத்தான் பட்டது, ஆனால் காரணம் தெரிந்த பிறகு நூல் நிறைந்துவிட்டது என்றே சொல்லப் பழகினேன்.

பிள்ளைகள் எழுதும் கதையைத் திருத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நான் சொன்னால் நம்பலாம், ஏனென்றால் அவளைப் பாராட்டுவது எனக்குப் பிடிக்காத சோலி. மற்ற பள்ளிக்கூடங்களில் தமிழ் வாத்தியார்கள் பிழைக்குச் சுழி போட்டு, கீழே மார்க்குப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். இவள் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்வாள். குப்பம்மாள் என்று ஒருத்தி, "இயற்கை அன்னை எழில் நடனம் புரியும் கொடைக்கானலிலே கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்" என்று ஆரம்பித்தாள்.

"நேத்து கதிரவன் வந்தானா?"

"இல்ல டீச்சர். ஒரு வாரமா மூடுபனி."

"பெறகு யாரு கைய நீட்டுனது? ஒரு வாரமா உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?"

"துணி காயல டீச்சர். எங்கப்பா ஈரச் சட்டையோட வேலைக்குப் போனாரு."

"அத எழுது."

இப்படித்தான். ஒரு சொல்லைக் கையால் மூடச் சொல்வாள். "இப்ப வாசி. எதாச்சும் கொறஞ்சு போச்சா? கொறயலன்னா அது வேண்டாத சொல்லு, எடுத்துரு" என்பாள். வாசிக்கும்போது மூச்சு முட்டினால் அங்கே வாக்கியத்தை வெட்டச் சொல்வாள். கதை முடிந்த பிறகும் நாலு வரி புத்திமதி எழுதியிருந்தால், "வந்தவங்க சாப்பிட்டு எந்திரிச்சாச்சு, இன்னும் எதுக்கு எலையில பரிமாறுற?" என்று கேட்பாள். நான் என் மூலையில் பித்தான் தைத்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன். துணி வெட்டுகிற எனக்கு அவள் வெட்டு நன்றாகப் புரிந்தது.

ஒன்றே ஒன்றுதான் அவளிடம் கோணல். இலக்கணத்தில் மங்கலம் என்று ஒரு பாடம் இருக்கிறதாம். சுடுகாட்டை நன்காடு என்பது, செத்தாரைத் துஞ்சினார் என்பது. நல்லதல்லாததை நல்ல சொல்லால் சொல்ல வேண்டும். மற்ற டீச்சர்களுக்கு அது பரீட்சைக் கேள்வி, இவளுக்கு அது உயிர். எந்தப் பிள்ளை எழுத்திலும் அமங்கலமாக ஒரு சொல் இருந்தால் கேட்காமல் கொள்ளாமல் மாற்றிவிடுவாள். அதற்கு மட்டும் பக்கத்தில் நிறுத்தி விசாரிக்கிற வழக்கம் கிடையாது, கை தானாகப் போய்விடும்.

1957-இல் மூன்றாம் பாரத்துக்கு, இப்போதைய எட்டாம் வகுப்புக்கு, வள்ளி வந்தாள். பெருமாள்மலை விலக்கில் பஸ் நிற்கும் இடத்தில் பேரிக்காயும் பிளம்ஸும் கூடையில் வைத்து விற்கிற காளியாயியின் மகள். அப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். வள்ளிக்கு ஒரு அண்ணன் இருந்தான், கந்தவேல். தோல் பதனிட வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கிற கூட்டத்தோடு காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் ஓடையைத் தாண்டும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. கூடப் போனவர்கள் கண்ணால் பார்த்தார்கள். கம்பளி கிடைத்தது, உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பைப் பார்க்காத தாய் எதை நம்புவாள்? காளியாயி நம்பவில்லை. தினம் அவனுக்கும் சேர்த்துச் சோறு வடித்து ஒரு தட்டில் மூடி வைத்தாள். வத்தலக்குண்டிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குக் காலையில் அவன் கிளம்பும்போது அவள் வீட்டில் இல்லை, வெள்ளனே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். முந்தின நாள் இருவருக்கும் வாய்த்தகராறு. அவன் போகும்போது வீட்டில் இருந்தது வள்ளி மட்டும்தான். "போகையில என்னடி சொன்னான்? போயிட்டு வாரேன்னு சொன்னானா?" என்று மகளைக் கேட்டுக் கேட்டு அரித்தாள். வள்ளி, "எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றே சொல்லி வந்தாள்.

காளியாயியின் தம்பி நல்லசாமி மூன்று வருஷம் மன்றாடினான். "ஒரு சொட்டுத் தண்ணி விடாம அவன் ஆத்துமாவ அலைய விட்டிருக்கியே அக்கா" என்று அழுதான். கடைசியில் அந்த வருஷம் அவள் மனசு இளகியது. உடம்பு இல்லாமலே காரியம் செய்துவிடலாம், தை அமாவாசையன்று செய்யலாம் என்று ஒத்துக்கொண்டாள். மூடி வைக்கிற தட்டையும் நிறுத்திவிட்டாள். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. பள்ளிக்கூடத்தில் தெரிந்ததெல்லாம் வள்ளிக்கு ஒரு அண்ணன் வெள்ளத்தில் போய்விட்டான் என்பதுதான்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குக் கதைப் போட்டி வைத்தார்கள். "மறக்க முடியாத ஒரு நாள்" என்பது தலைப்பு. மற்றவர்களெல்லாம் பழனி தைப்பூசம், படகு, பரிசுக்கோப்பை என்று எழுதியபோது வள்ளி அண்ணன் கிளம்பிப் போன காலையை எழுதியிருந்தாள். விசாலாட்சி அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "இந்தப் பிள்ளைக்குக் கை இருக்கு சர்பு" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. திருத்திய பிறகு நல்ல பிரதியாக எழுதவைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். அண்ணன் கம்பளியைத் தலைமேல் போட்டுக்கொள்வது, அடுப்பில் காப்பித் தண்ணீர் பொங்கி வழிவது, தங்கை முகத்தைத் திருப்பிக்கொள்வது. கடைசி வரி "அண்ணன் இன்னும் வரவில்லை" என்று நின்றது. நான் அழுதுவிட்டேன். தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே கண்ணைத் துடைத்தேன்.

ஆண்டு விழா தை அமாவாசைக்கு முந்தின வாரம் வந்தது. வள்ளிக்கு முதல் பரிசு. பெற்றவர்களெல்லாம் வந்திருந்தார்கள், காளியாயி தம்பியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வள்ளி மேடையில் நின்று வாசித்தாள். "‘போய் வருகிறேன், தங்கச்சி’ என்று சொல்லிவிட்டு அண்ணன் படியிறங்கினான்" என்ற இடத்தில் பின்னால் ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. காளியாயி எழுந்து நின்றாள்.

"கேட்டீங்களா? எல்லாரும் கேட்டீங்களா? வாரேன்னுட்டுத்தான் போயிருக்கான் எம்புள்ள!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளி தாளிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். தலைமையாசிரியை "வாசிம்மா" என்று சைகை காட்டினார். அவள் மிச்சத்தையும் வாசித்தாள். "அண்ணன் இன்னும் வரவில்லை" என்று முடித்தபோது காளியாயி சிரித்துக்கொண்டே அழுதாள். "ஆமா, இன்னும் வரல. வருவான்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். யா அல்லாஹ், அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்!

விழா முடிந்ததும் வள்ளி எங்கள் அறைக்கு ஓடிவந்து விசாலாட்சியின் முன்னால் நின்று தேம்பினாள்.

"டீச்சர், அண்ணன் போறேன்னுதான் சொன்னுச்சு. கோவமா போறேன்னுச்சு. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். நீங்கதான் மாத்துனீங்க. கடசியில, அண்ணன் செத்துப்போச்சுன்னு எழுதியிருந்தேன், அதையும் மாத்தினீங்க."

"நீ ஏன் அப்பவே சொல்லல வள்ளி?"

"திருத்தினது நல்லா இருந்துச்சு டீச்சர்."

நல்லாத்தான் இருந்தது. நான் சாட்சி.

வெளியே நல்லசாமி காத்துக்கொண்டிருந்தான். குரலை உயர்த்தவில்லை, அதுதான் கொடுமை. "மூணு வருசமா கரைச்சு ஒரு வழியா சம்மதிக்க வச்சேன், அம்மா. அய்யருக்குச் சொல்லியாச்சு. இப்ப அக்கா காரியம் வேணாங்குது. உசுரோட இருக்கிறவனுக்கு எவன்டா கருமாதி பண்ணுவான்னு என்னயவே அடிக்க வருது" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் இருவரும் பஸ்ஸேறிப் பெருமாள்மலைக்குப் போனோம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "போயி என்னத்தச் சொல்லப் போற? சும்மா கெட" என்றேன். "நான் போட்ட சொல்ல நான்தான் எடுக்கணும்" என்றாள். காளியாயி எங்களைக் கண்டதும் முந்தானையால் பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னாள், கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். அடுப்பு மேட்டில் தட்டு மறுபடியும் மூடியிருந்தது.

விசாலாட்சி சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, போய் வருகிறேன்னு உங்க மகன் சொல்லல. அது நான் எழுதுனது. வள்ளி வேற மாதிரி எழுதியிருந்தா. நான் மாத்திட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

காளியாயி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "டீச்சரம்மா, அன்னைக்கு நீங்க இங்க இருந்தீங்களா?"

"இல்ல."

"எம்மக இருந்தா. இருந்தவ எழுதுனா, ஊரே கேட்டுச்சு. நீங்க எழுத்தத் திருத்துவீங்க. எம்புள்ள வாயில வந்தத நீங்க எப்படித் திருத்த முடியும்?"

"அம்மா, நான் சொல்றது..."

"ஏ வள்ளி! இங்க வா. அண்ணன் என்னடி சொன்னான்?"

வள்ளி வாசலில் நின்றிருந்தாள். டீச்சரைப் பார்த்தாள், மூடியிருந்த தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பதின்மூன்று வயசுப் பிள்ளை அது. "போயிட்டு வாரேன்னுச்சும்மா" என்றாள்.

அதற்குமேல் எங்களுக்கு அங்கே சோலி இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது விசாலாட்சி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நான் சமாதானம் சொல்ல நினைத்து, "விடு, அந்தப் பொம்பள சந்தோசமாத்தானே இருக்கா" என்றேன். "எதுக்காக சந்தோசமா இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கதையின் முதல் பிரதியைத் தேடினாள். கிடைக்கவில்லை. திருத்தி முடித்த தாள்களை ஹாஸ்டல் ஆயா வெந்நீர் அண்டாவுக்கு அடியில் போட்டுவிடுவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். அதன்பிறகு விசாலாட்சி கதை திருத்துவதே மாறிப்போனது. பிள்ளையைக் கூப்பிட்டு, "இது நெசமா நடந்ததா?" என்று முதலில் கேட்பாள். நிஜம் என்றால் எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்துவிடுவாள். எங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு வருவது நின்றது. "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று தலைமையாசிரியை கடிந்துகொண்டார். என்னிடம் மட்டும், "பேனாவத் தொடவே பயமா இருக்கு சர்பு" என்று ஒருநாள் உடைந்து அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

மாதத்துக்கு ஒரு தடவை அவள் பெருமாள்மலைக்குப் போவாள். காளியாயிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து பேரிக்காயைத் தரம் பிரித்துக் கொடுப்பாள். "இந்த பஸ்ஸுல வரல, அடுத்ததுல பாப்போம்" என்று அந்த அம்மா சொல்வாளாம். இவள் உம் கொட்டுவாளாம். வள்ளியைத் தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மகளும் மருமகனும் கூப்பிட்டும் காளியாயி போகவில்லை. "அவன் வந்தா பூட்டுன வீட்டையா பாப்பான்?" என்று கேட்டாள். தனியாகவே இருந்தாள். 1966 மழையில் மார்ச்சளி வந்து, பார்க்க ஆளில்லாமல் கிடந்து, அக்கம்பக்கத்தார் கதவைத் தள்ளிப் பார்த்தபோது உயிர் போயிருந்தது. மகளோடு போயிருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாள். இதை நான் விசாலாட்சியிடம் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் போனோம். நல்லசாமி அக்காளுக்கும் அக்காள் மகன் கந்தவேலுக்கும் சேர்த்தே செய்தான். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வள்ளி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் குழந்தை.

விசாலாட்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கம்மாவுக்காக ஒரு பொய்யச் சுமந்த. அதுவும் நான் ஏத்திவச்ச பொய்யி. இனிமே வேணாம் வள்ளி. உங்கண்ணன் என்ன சொன்னானோ அத அப்படியே வச்சுக்க."

வள்ளி தலையைக் குனிந்தபடி சொன்னாள். "அதுதான் டீச்சர் எங்கிட்ட இல்ல. அம்மா தெனம் கேப்பாங்க, நான் தெனம் சொல்வேன். அந்தக் கதைய நூறு வாட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. இப்பக் கண்ண மூடுனா அண்ணன் கொரல்லயே, போய் வருகிறேன் தங்கச்சின்னுதான் கேக்குது. போறேன்னு சொன்னுச்சுன்னு தெரியும், ஆனா கேக்கல."

குழந்தையை மடியில் இறக்கி, "அண்ணன் ஒருநாளும் என்னத் தங்கச்சின்னு கூப்பிட்டதில்ல டீச்சர். எனக்குன்னு ஒரு பேரு வச்சிருந்துச்சு. கேலிப் பேரு. அதத்தான் எழுதியிருந்தேன், நீங்க நல்லா இல்லன்னு அடிச்சீங்க. அம்மாவுக்கு அந்தப் பேரு தெரியாது, அவங்க இல்லாதப்பதான் கூப்பிடும். இப்ப யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், வரமாட்டேங்குது. உங்களுக்கு ஞாபகம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆயிரம் பிள்ளைகள் எழுதிய வரிகளை ஒப்பிக்கிறவள் விசாலாட்சி. கண்ணை மூடினாள், நெற்றியைத் தேய்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"குட்டச்சியா?"

"இல்ல டீச்சர்."

"சுண்டெலியா? மூக்காயியா?"

"இல்ல."

"தவளைன்னு ஆரம்பிக்குமா? பூனைன்னு வருமா? சொல்லு வள்ளி, மொத எழுத்தாவது சொல்லு..."

வகுப்பில் ஒரு சொல்லுக்கு மாற்றாகப் பத்துச் சொல் எடுத்துக் கொடுப்பவள், அங்கே உட்கார்ந்து வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வள்ளி ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.